பந்திக்குப் பிந்து

“அங்கிள், எனக்குக் கடவுள் மேல நம்பிக்கை இருக்கு. காலையில ஜெபம் பண்றேன். எல்ஆர்டியில போகும்போது பிரசங்கம் கேக்குறேன். காணிக்கையைக்கூட ஆன்லைன்ல அனுப்பிடுறேன். அப்புறம் ஞாயித்துக்கிழமை நேர்ல எதுக்கு வரணும்?”

இப்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். வாரம் முழுக்க நெரிசலில் கார் ஓட்டிக் களைத்த பொறியியலாளர்கள், கணக்காளர்கள், இரவு வேலை முடித்து வரும் தாதியர், கைக்குழந்தையோடு திண்டாடும் இளம் பெற்றோர். அவர்களுக்கு ஒரு நாள்தான் ஓய்வு.

கேள்வி நியாயமானது. “வரவேண்டும் என்பது கட்டளை, அதனால் வா” என்றால் அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். “சபைக்கு வந்தால் நிம்மதி கிடைக்கும்” என்ற பதிலும் போதாது. நிம்மதி பூங்காவில் நடந்தாலும் கிடைக்கும். ஆகவே நான் பதிலை ஒரு சாப்பாட்டுப் பந்தியிலிருந்து தொடங்குவது வழக்கம். கிறிஸ்தவ சபையின் மிகப் பழைய சண்டைகளில் ஒன்று பந்தியில்தான் நடந்தது.

“பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து” என்பார்கள் நம் பெரியவர்கள். முந்திக்கொண்டவருக்கு வடையும் பாயசமும். பிந்தியவருக்கு ரசம் மட்டும். கல்யாண வீட்டு அனுபவம் உள்ள எவருக்கும் இது தெரியும். ஆனால் திருத்தூதர் பவுல் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியைச் சுருக்கினால், “பந்திக்குப் பிந்து” என்றுதான் வரும்.

ஒரு வீடு, இரண்டு பந்தி

கொரிந்து, கிரேக்க நாட்டில் இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே இருந்த வணிக நகரம். கி.மு. 146-ல் ரோமப் படை அதை அழித்தது. கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்ற நகரமாக மீண்டும் நிறுவினார். அங்கே குடியேற்றப்பட்டவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகளும் ஏழைகளும். பிழைப்பு தேடி வெளியிலிருந்து வந்தவர்களால் உருவான ஊர் அது. தோட்டங்களிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்குக்குக் குடிவந்த குடும்பங்களுக்கு அப்படிப்பட்ட ஊர் புதிதல்ல. ஒரே தோட்டத்து லயத்திலிருந்து கிளம்பிய இரண்டு குடும்பங்களில் ஒன்று இரண்டு மாடி வீட்டுக்குப் போயிருக்கும். மற்றொன்று மலிவுவிலை அடுக்குமாடியில் இன்னும் மின்தூக்கியை எதிர்பார்த்து நிற்கும்.

பவுல் கொரிந்தில் ஒன்றரை ஆண்டு தங்கினார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியோடு கூடாரம் செய்யும் வேலை பார்த்துக்கொண்டே சபையைக் கட்டினார். அந்தச் சபையில் யார் யார் இருந்தார்கள் என்பதை ரோமருக்கு எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரம் காட்டுகிறது. அதை அவர் கொரிந்தில் இருந்தபோதுதான் எழுதினார் என்று அறிஞர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். சபை முழுவதையும் தன் வீட்டில் வரவேற்கும் காயு அங்கே இருக்கிறார். நகரத்தின் பொருளாளர் ஏரஸ்து இருக்கிறார். அவர்களோடு தெர்தியு, குவர்த்து என்று இருவர். லத்தீன் மொழியில் மூன்றாமவன், நான்காமவன் என்று அந்தப் பெயர்களுக்குப் பொருள். அடிமைகளிடமும் விடுதலை பெற்றவர்களிடமும் சாதாரணமாகக் காணப்பட்ட பெயர்கள் அவை. நகரப் பொருளாளரும் ‘நான்காமவனும்’ ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வாழ்த்துச் சொல்கிறார்கள். அந்தக் காலத்துக்கு இது பெரிய செய்தி.

ஆனால் கடிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது எளிது. சாப்பிட உட்காரும்போதுதான் சிக்கல் வந்தது.

அப்போது தேவாலயக் கட்டடம் கிடையாது. வசதியுள்ள ஒருவரின் வீட்டில் கூடுவார்கள். இன்று நாம் திருவிருந்து என்றும், கத்தோலிக்க அன்பர்கள் நற்கருணை என்றும் சொல்வது அன்று ஒரு முழுச் சாப்பாட்டோடு சேர்ந்தே நடந்தது. ரோமப் பாணி வீட்டின் உணவறையில் மூன்று பக்கமும் சாய்விருக்கை போட்டால் ஏறக்குறைய ஒன்பது பேர் சாய்ந்து சாப்பிடலாம். மற்றவர்களுக்கு முற்றம்தான். வீட்டுக்காரரும் அவருடைய நண்பர்களும் உள்ளே, மற்றவர்கள் வெளியே.

உள்ளே ஒரு தரம், வெளியே ஒரு தரம் என்று பரிமாறுவதும் அந்தக் கால வழக்கம். இளைய பிளினி என்ற ரோமப் பிரமுகர் தான் போன ஒரு விருந்தைப் பற்றிக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அங்கே திராட்சரசம் மூன்று தரத்தில் வைக்கப்பட்டிருந்தது: வீட்டுக்காரருக்கும் நெருங்கியவர்களுக்கும் ஒன்று, சாதாரண நண்பர்களுக்கு ஒன்று, விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ஒன்று. பிளினிக்கே அது பிடிக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட வீடுகள் இருந்தன.

கொரிந்து சபை ஊர் வழக்கத்தைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வரவில்லை. முதல் கடிதத்தின் 11-ஆம் அதிகாரத்தில் பவுல் அதைச் சொல்கிறார். சிலர் முந்திக்கொண்டு தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஒருவர் பசியோடு நிற்கிறார். இன்னொருவர் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறார். ஒன்றுமில்லாதவர்கள் வெட்கப்பட்டுப் போகிறார்கள்.

பிந்தி வந்தவர்கள் யார்?

அவர்கள் ஏன் பிந்தி வந்தார்கள் என்று பவுல் விளக்கவில்லை. ஆனால் அந்த ஊரின் வாழ்க்கையை நினைத்தால் ஊகிக்க முடியும். அன்று ஞாயிறு விடுமுறை நாள் அல்ல. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக அறிவித்தது 321-ஆம் ஆண்டில்தான். அதுவரை ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கிறிஸ்தவர்கள் வேலைநாளில்தான் கூடினார்கள். கெடாவில் வசிப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் ஞாயிறு என்றால் பள்ளிக்கூட நாள்.

வீட்டுக்காரரின் நேரம் அவர் கையில் இருந்தது. அடிமையின் நேரம் எஜமானின் கையில் இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரின் நேரம் கப்பலின் கையில் இருந்தது. வேலை முடிந்து, கைகால் கழுவி, இருட்டில் நடந்து அவர்கள் வந்து சேரும்போது உள்ளே சாப்பாடு முடிந்திருக்கும்.

இந்தச் சபைக்குப் பவுல் என்ன சொன்னார்? அந்த இடத்தில் அவர்களுடைய விசுவாச அறிக்கையில் பிழை இருப்பதாகச் சொல்லவில்லை. பாடல் சரியில்லை, ஜெபம் குறைவு என்றும் சொல்லவில்லை. நீங்கள் கூடிச் சாப்பிடுவது ஆண்டவருடைய விருந்தே அல்ல என்று நேராகச் சொல்லிவிட்டார். அப்பம் இருந்தது, கிண்ணம் இருந்தது, சொல்லவேண்டிய வார்த்தைகளும் இருந்திருக்கும். ஆனாலும் அது ஆண்டவருடைய விருந்து ஆகவில்லை. காரணம், வராதவருக்காக யாரும் காத்திருக்கவில்லை.

அவர் கொடுத்த தீர்வும் மிக எளியது. ஒருவர் வரும்வரை மற்றவர் பொறுத்திருங்கள்; பசி தாங்காதவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஏழைகளைப் பார்த்து “நேரத்தோடு வரக்கூடாதா?” என்று அவர் கேட்கவில்லை. யாருக்குக் காத்திருக்க முடியுமோ, அவர்களிடம்தான் அதைக் கேட்டார்.

இதற்கு அடுத்த அதிகாரத்தில்தான் சபையை ஓர் உடலுக்கு ஒப்பிடும் புகழ்பெற்ற பகுதி வருகிறது. கண்ணும் கையும் காலும் ஒன்றையொன்று வேண்டாம் என்று சொல்ல முடியாது என்கிறார். அதற்கும் அடுத்தது 13-ஆம் அதிகாரம், அன்பைப் பற்றிய பகுதி. நம்முடைய திருமணங்களில் தவறாமல் வாசிக்கப்படுவது. மணமக்களுக்கு எழுதியது என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பந்தியில் சண்டைபோட்ட ஒரு சபைக்கு எழுதப்பட்டது. அதில் வரும் பொறுமை, சாப்பாட்டு மேசையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் வரும்வரை நிற்கிற பொறுமையாகவும் இருக்க வேண்டும் என்று இப்போது அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.

நீயா, நீங்களா?

நம் இளையோர் பலர் வேதத்தை ஆங்கிலத்தில் வாசிக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்த மொழியில் ஒரு சின்ன இடைஞ்சல் உண்டு. ஒருவரைப் பார்த்துப் பேசினாலும் ‘யூ’, ஊரையே பார்த்துப் பேசினாலும் ‘யூ’. அதனால் பவுலின் கடிதத்தைத் தனியே அறையில் வாசிக்கிறவருக்கு, எல்லாம் தனக்கு மட்டும் எழுதியதுபோலத் தோன்றும். நீங்கள் கடவுளின் ஆலயம் என்று பவுல் சொல்கிற இடத்தில், “ஆமாம், என் உடம்பு ஒரு ஆலயம், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகவேண்டும்” என்று எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 3-ஆம் அதிகாரத்தில் இது வருகிற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது பன்மை. பலர் சேர்ந்து ஓர் ஆலயம். தமிழில் அது ‘நீங்கள்’ என்றே வருகிறது. கடவுள் தங்கும் இடமாக அங்கே பவுல் காட்டுவது தனி ஆளை அல்ல. கூடியிருக்கிற அந்தக் கூட்டத்தை. தனி ஆளின் உடலைப் பற்றியும் அதே கடிதத்தில் பிறகு பேசுகிறார். ஆனால் கூட்டத்தைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்.

இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபமும் ‘எங்கள்’ என்றே தொடங்குகிறது. கதவைப் பூட்டிக்கொண்டு தனியே சொன்னாலும் அதை ‘என்’ என்று மாற்றிச் சொல்ல முடியாது. அன்றாட உணவைக் கேட்கும் இடத்திலும் எனக்கு வேண்டும் என்று கேட்பதில்லை, எங்களுக்கு என்றே கேட்கிறோம். அப்படிக் கேட்டுவிட்டு, அந்த ‘எங்களில்’ யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே இருக்கலாமா?

நேரில் எதற்கு வரவேண்டும் என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. பிரசங்கத்தைக் கைப்பேசியில் கேட்கலாம். சில நேரம் எங்கள் சபையில் கேட்பதைவிட நல்ல பிரசங்கமே கிடைக்கும். பாடலும் அப்படித்தான். ஆனால் கைப்பேசியில் யாருக்காகவும் காத்திருக்க முடியாது. பிடிக்காததைத் தள்ளிவிடலாம், மெதுவாகப் போனால் வேகத்தைக் கூட்டலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வயதான தாத்தாவின் வேகத்தைக் கூட்ட முடியாது. கிறிஸ்தவப் போதனையின்படி விசுவாசம் வளர்வது அந்த இடத்தில்தான்.

விடியலுக்கு முன்னே

கொரிந்து சபை பவுல் சொன்னபடி திருந்தியதா என்று கடிதத்தில் இல்லை. ஆனால் பிந்தைய தலைமுறைகளைப் பற்றி இரண்டு சாட்சிகள் உண்டு.

முதல் சாட்சி, மூன்று தரத் திராட்சரசத்தைப் பற்றி எழுதிய அதே பிளினி. கி.பி. 112 வாக்கில் அவர் இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்தார். கிறிஸ்தவர்களை விசாரித்துப் பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். குறித்த ஒரு நாளில் விடியுமுன்னே கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணிப் பாடுகிறார்கள், பிறகு கலைந்துபோய், மீண்டும் கூடிச் சாப்பிடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. ஏன் விடியுமுன்? பயமும் காரணமாக இருக்கலாம். வேலைக்குப் போகவேண்டியவர்களின் நேரத்துக்குக் கூட்டம் தன்னை மாற்றிக்கொண்டது என்றும் நான் அதை வாசிக்கிறேன். சபையில் பொறுப்பில் இருந்த இரண்டு பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகவும் அவரே எழுதுகிறார். அந்த இருவரும் அடிமைகள். அடிமைப் பெண்கள் முற்றத்தில் காத்து நின்ற காலம் போய், சபையின் ஊழியர்களாக நிற்கிறார்கள்.

இரண்டாம் சாட்சி ஜஸ்டின். கி.பி. 155 வாக்கில் ரோம் நகரில் இருந்துகொண்டு கிறிஸ்தவர்களின் ஞாயிறு ஆராதனையை விளக்கினார். வாசிப்பு, போதனை, ஜெபம், அப்பமும் கிண்ணமும் என்று இன்றைய ஆராதனையின் வடிவம் அதில் அப்படியே தெரிகிறது. இரண்டு விஷயங்களை அவர் விடாமல் குறிப்பிடுகிறார். ஒன்று, வரமுடியாதவர்களுக்கு ஊழியர்கள் அப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள். மற்றொன்று, காணிக்கை அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் ஊருக்குப் புதியவர்களுக்கும் போகிறது. வராதவர் சபையின் கணக்கில் இருந்தார்.

முதலில் யார் போவது?

தமிழ்ச் சபைகளின் கதையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1706-ல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். இன்று மலேசியாவில் உள்ள தமிழ் லுத்தரன் சபையின் வேர் அந்த மரபில்தான் இருக்கிறது. அங்கே தொடங்கித் தஞ்சாவூர், சென்னை வேப்பேரி என்று பரவிய சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இடத்தில் உட்காரும் பழக்கம் நீண்ட நாள் இருந்தது. திருவிருந்துக்கும் ஒரு சாரார் முதலில் போவார்கள், அவர்கள் முடித்த பிறகு மற்றவர்கள் போவார்கள். கொரிந்தின் உள்ளறையும் முற்றமும் தமிழ் மண்ணில் மீண்டும் கட்டப்பட்டன.

1833-ல் கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கடிதம் அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். சேர்ந்து உட்காருவதைவிட விலகிப் போவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. அருமையான கிறிஸ்தவப் பாடல்களைத் தமிழுக்குத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் சாதிப் பழக்கத்தை ஆதரித்து எழுதியவர்தான். அவருடைய பக்தியை யாரும் சந்தேகிக்க முடியாது. ஆழ்ந்த பக்தியும் பந்தியில் முந்தும் பழக்கமும் ஒரே மனிதரிடம் சேர்ந்து இருக்கமுடியும் என்பதைத்தான் அந்த வரலாறு காட்டுகிறது. அதனால்தான் விசுவாசத்தை ஒருவரின் ஜெப அறையில் மட்டும் வைத்து எடைபோட முடியாது.

நம்முடைய முற்றம்

கடல் தாண்டி வந்த நமக்கு அந்தச் சண்டை பழங்கதை என்று தோன்றலாம். திருமணப் பேச்சு வரும்போது அது எழுந்து உட்காருவதையும் பார்க்கிறோம். ஆனால் நம் ஊரில் இன்னொரு முற்றம் உருவாகி வருகிறது.

படித்து, நல்ல வேலையில் அமர்ந்த பிள்ளைகள் தமிழ் ஆராதனையை விட்டு ஆங்கில ஆராதனைக்குப் போகிறார்கள். காரணம் புரிகிறது. தமிழ் வாசிக்க வராது, நண்பர்கள் அங்கே இருக்கிறார்கள், நிகழ்ச்சி நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிகிறது. போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். தமிழ் ஆராதனையில் மிஞ்சுவது வயதானவர்கள், தொழிற்சாலை ஊழியர்கள், பாதுகாவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள். கொரிந்தில் ஒரே வீட்டில் இரண்டு பந்தி நடந்தது. பசித்தவரின் முகம் உள்ளே இருப்பவருக்குத் தெரிந்தது. நமக்கு இரண்டு கட்டடம். முகம்கூடத் தெரியாது.

மொழிப் பிரிவினை ஆதிச் சபைக்கும் வந்தது. எருசலேமில் கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாடு சரியாகக் கிடைக்கவில்லை என்ற முறையீட்டை அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. திருத்தூதர்கள் குறைகூறியவர்களின் வாயை அடைக்கவில்லை. அவர்களைத் தனிச் சபை தொடங்கிக்கொள்ளவும் சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் பக்கத்து ஆட்களிடமே கரண்டியைக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்தும் அதன்பின் மதியச் சாப்பாடும் உண்டு. நான் அந்தச் சமையலறைக் கூட்டத்தில் ஒருவன். வெங்காயம் உரிப்பதும் கடைசியில் அண்டா கழுவுவதும் என் வேலை. அங்கே மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார். ஜெபம் சொல்வதற்கு முன்பே பன்னிரண்டு பொட்டலங்கள் கட்டி ஓரமாக வைத்துவிடுவார். முதல் கரண்டிச் சோறும் நல்ல கோழித்துண்டும் அதில்தான் விழும். இரவு வேலை முடித்துத் தூங்கும் பாதுகாவலர், படுத்த படுக்கையான தாயை விட்டு வரமுடியாத மகள், மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் இருக்கும் பாட்டி என்று அவருக்கு ஒரு கணக்கு.

“மிஞ்சினா குடுக்கலாமே அக்கா” என்று ஒருவர் சொன்னார். “மிஞ்சினா குடுக்கலாம்னா மிஞ்சவே மிஞ்சாது தம்பி” என்றார் அவர். “வந்தவங்களுக்குப் பத்தலேன்னா?” என்று கேட்டதற்கு, “பத்தலேன்னா வந்தவங்க வீட்ல போய்ச் சாப்பிடட்டும். அவங்க வீட்ல சோறு இருக்கு” என்றார். பவுலின் 11-ஆம் அதிகாரத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

அந்தப் பொட்டலங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க கார் வைத்திருக்கும் இளையோரை அக்கா பிடித்துக்கொள்வார். போனவர்களில் ஒரு கணக்காளர் தம்பி. மூன்றாம் மாடிப் பாட்டி, “நீ யார் வீட்டுப் புள்ள?” என்று கேட்டு, அவன் தாத்தாவின் தோட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறாராம். அவனுக்கு வேலையில் நெருக்கடி வந்த மாதம், “எனக்காகத் தினமும் ஒருத்தர் ஜெபிக்கிறாங்கன்னு நெனச்சப்போ தூக்கம் வந்துச்சு அங்கிள்” என்றான். கொடுக்கப்போனவன் வாங்கிக்கொண்டு வந்தான். உடல் என்று பவுல் சொன்னது இதைத்தான்.

பிற சமய அன்பர்களுக்கும் இது அந்நியமாக இருக்காது. தைப்பூசத்தன்று அன்னதானப் பந்தலில் நின்று பரிமாறியவர்களுக்கு, தான் கடைசியில் சாப்பிடுவதன் ருசி தெரியும்.

சபை ஏமாற்றும்போது

“சபையில் சண்டை, பொறாமை, புறம்பேச்சு, அதனால்தான் விலகினேன்” என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஜெர்மனியில் டீட்ரிக் போன்ஹோபர் என்ற இறையியலாளர், நாஜி ஆட்சிக்கு அடிபணியாத சபைக்காக 1935-ல் ஒரு போதகர் பயிற்சிப் பள்ளியை நடத்தினார். 1937-ல் ரகசியக் காவல்துறை அதை மூடியது. அங்கே மாணவர்களோடு சேர்ந்து வாழ்ந்த அனுபவத்தை 1939-ல் சிறு நூலாக வெளியிட்டார். 1945 ஏப்ரல் 9 அன்று நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் அந்த நூலில் வற்புறுத்திய ஒன்று: சபை எப்படி இருக்கவேண்டும் என்று நம் மனதில் உள்ள கனவை, கண்முன் இருக்கும் சபையைவிட அதிகமாக நேசித்தால், அந்தக் கனவே சபையைக் கெடுத்துவிடும். ஏமாற்றம் சீக்கிரம் வருவதும் நல்லதுக்குத்தான் என்பது அவர் எண்ணம். கனவு கலைந்த பிறகுதான் பக்கத்தில் இருக்கும் உண்மையான மனிதர் கண்ணுக்குத் தெரிவார்.

இதை ஒரு எச்சரிக்கையோடு சொல்லவேண்டும். பொறுத்துக்கொள்வது என்றால் அநியாயத்துக்கு வாய்மூடி இருப்பது அல்ல. சபையில் பிள்ளைகளுக்கோ பெண்களுக்கோ தீங்கு நடந்தால், காணிக்கைப் பணத்தில் கைவைத்தால், பேசத்தான் வேண்டும். சட்டத்தின் உதவியையும் நாடவேண்டும். ஒன்றுமில்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுலே கோபமாகக் கேட்டார். காத்திருக்கச் சொன்னவர் அவர்தான், கண்டித்தவரும் அவர்தான்.

இந்த வாரம் செய்யக்கூடியது

குடும்பமாகச் சபைக்குப் போகிறவர்கள், ஆராதனை முடிந்ததும் யார் வரவில்லை என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இரண்டு வாரமாகக் காணாதவரை வாட்ஸ்அப்பில் விசாரிக்காமல் அழைத்துப் பேசுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போய் வாருங்கள். ஞாயிறு வகுப்பில் கேட்டதைவிட அது அவர்கள் மனதில் நிற்கும்.

ஆங்கில ஆராதனைக்குப் போகும் இளையோர் அங்கேயே போகலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோரின் தமிழ் ஆராதனைக்கு வந்து உட்காருங்கள். பாட்டுப் புத்தகம் வாசிக்க வராவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பக்கத்தைக் காட்டுவார். கணக்குப் பார்க்கவும், அரசாங்க விண்ணப்பப் படிவம் நிரப்பவும், மருத்துவமனைக்குக் கூட்டிப்போகவும் ஆள் தேடும் பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

சபைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் கட்டட நிதிக்கும் ஒலிபெருக்கிக்கும் முன்னால் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: நம் ஆராதனை நேரம் யாருடைய வசதிக்கு வைக்கப்பட்டிருக்கிறது? காலை ஏழு மணிக்கு வேலை முடிக்கும் பாதுகாவலரையும், ஞாயிறு பேரங்காடியில் நிற்கும் பெண்ணையும் யாராவது இதுவரை கேட்டிருக்கிறோமா? அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மாலையில் ஒரு ஆராதனை வைக்கவேண்டியிருந்தால் வையுங்கள். பத்துப் பேர்தான் வருவார்கள் என்றாலும் வையுங்கள்.